ஆடுகள் நக்கிய சுவர்

புதுப்பட்டினம் தபால்,
13-9-74, வெள்ளிக்கிழமை

என் மகன் ரவிச்சந்திரனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை அம்சாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அடுப்பு தினம் இரண்டு வேளை எரிகிறது, அதுபோல நீயும் அந்த ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கெங்கையம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வழக்கமாகத் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் அந்த இடத்திலேயே நின்று பிரித்துப் படித்து மறுநாளே பதில் போட்டுவிடுவேன், இதற்கு மட்டும் நாலு நாள் ஆகிவிட்டது. காய்ச்சல் இல்லை, வேலையும் இல்லை, கோபம்தான். கோபத்தோடு எழுதக்கூடாது என்று ஆறப்போட்டேன், ஆறவில்லை, அதனால் சூட்டோடேயே எழுதுகிறேன். இன்லண்டு லெட்டரில் இடம் பற்றாது என்று நூர்முகமது பாய் கடையில் முழுத்தாளாக நாலு வாங்கி வந்தேன். நிதானமாக உட்கார்ந்து படி, பாதியில் மடித்துப் பைக்குள் வைத்துவிடாதே.

நீ எழுதியதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், உன் காதில் எப்படி விழுகிறது என்று பார். மாமா லெட்டர் போட்டிருந்தார், பள்ளிக்கூடக் கட்டடம் முடிந்துவிட்டதாம், நீ ஒருத்திதான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லுகிறாயாம், எல்லோரும் போடுவதுதானே, நீயும் போட்டுவிடம்மா, போடாமல் இருப்பதில் உனக்கு என்ன லாபம் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு வார்த்தை கேட்டாய் பார், அதுதான் என்னைச் சுட்டது. ஒரு மாதமாக இந்த ஊரில் எல்லோரும் என்னிடம் அதையேதான் கேட்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பூவராகவன் கேட்டார், உன் மாமா கேட்டான், குழாயடியில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் கேட்டார்கள். ஒருத்தி ஒரு காரியத்தை மாட்டேன் என்று சொன்னால் உள்ளுக்குள்ளே ஏதோ ஆதாயம் வைத்துக்கொண்டுதான் சொல்லுவாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் பம்பாயில் இருக்கிற நீயாவது வேறு மாதிரி கேட்பாய் என்று நினைத்தேன். சரி, மாமா உனக்குப் பாதிக் கதைதான் எழுதியிருப்பான். மீதியை நான் எழுதுகிறேன்.

நான் பஞ்சாயத்து மெம்பர் ஆனது எப்படி என்று உனக்குத் தெரியும். ஒரு பொம்பளையாவது இருக்க வேண்டும் என்று சட்டம், நம் குப்பத்தில் கைநாட்டு வைக்காமல் பேர் எழுதத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்தி, அதுவும் ஐந்தாம் வகுப்போடு சரி. உன் மாமாதான் பூவராகவனிடம் போய், எங்க அக்காவைப் போடுங்க, காட்டின இடத்துல கையெழுத்துப் போடும், ஒரு தகராறும் வராது என்று சொல்லி என்னை உள்ளே நுழைத்தான். அவன் சொன்னதில் தப்பில்லை, மூன்று வருஷம் காட்டின இடத்தில்தான் போட்டேன். தெருவிளக்குக்குப் போட்டேன், கிணறு தூர் வாரினதற்குப் போட்டேன், தூர் வாரினார்களா என்று எட்டிப் பார்த்ததில்லை. போன வருஷப் புயலில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக்கொட்டகை பறந்து போய்விட்டது என்று உனக்கு எழுதினேன் அல்லவா, அதற்குப் பதிலாக இரண்டு அறையில் கான்கிரீட் கூரை போட்ட கட்டடம் சாங்ஷன் ஆயிற்று, பதினெட்டாயிரம் ரூபாய். காண்டிராக்டு உன் மாமா சிவப்பிரகாசத்துக்கு. பார்த்துக்கொள்ள மூன்று பேர் கமிட்டி, தலைவர், கடைக்கார நூர்முகமது பாய், நான். மூன்று பேரும் வேலை திருப்தி என்று கையெழுத்துப் போட்டால்தான் கடைசி பில்லுக்குப் பணம் வரும். தம்பி கட்டுகிறான், அக்கா கையெழுத்துப் போடப் போகிறாள், எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

வைகாசி மாதம் நான் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டு வண்டிகள் வந்து கரை மணலை அள்ளிப் போயின. நாலு நாள் போயின. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அஸ்திவாரம் ரொப்பத்தான் போகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சுவருக்கும் கூரைக்கும் பாலாற்று மணல் என்று எஸ்டிமேட்டில் எழுதியிருக்கிறது, வாயலூரிலிருந்து லாரியில் வந்ததாகக் கணக்கு, ஆனால் ஒரு லாரியும் நம் தெருவுக்குள் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. லாரி எங்கே தம்பி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்கவில்லை. மீன் விற்கிறவள் எதிர்க்கடைத் தராசைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாளே, அந்தப் பழக்கம். கண்ணால் பார்த்தும் கேட்காதது என் தப்பு, அதை யார் மேலும் போடவில்லை.

ஆடி மாதம் வேலை முடிந்தது, சுண்ணாம்பு அடித்து வெள்ளை வெளேர் என்று நின்றது, ஊரே போய்ப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து அடுத்த தெரு குப்பம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுடைய மூன்று ஆடும் மத்தியானம் ஆனால் மேய்கிற இடத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சுவரை நக்குகின்றனவாம். ஆதி, எம் ஆட்டுக்கு இன்னா வியாதின்னு தெரியில, புல்லு தின்னாம செவுத்த நக்கிகினு கீது, வந்து பாரேன் என்றாள். போய்ப் பார்த்தேன். தெற்குச் சுவரில் இடுப்பு உயரம் வரைக்கும் சுண்ணாம்பே இல்லை, நக்கி நக்கி மழமழ என்று இருந்தது. அவளுடைய ஆடு மட்டும் இல்லை, யார் யாருடைய ஆடோ ஏழெட்டு நின்றன. ஆட்டுக்கு வியாதி ஒன்றும் இல்லை ரவி. நான் விரலை எச்சில் தொட்டுச் சுவரில் தேய்த்து நாக்கில் வைத்தேன். கருவாட்டுக்கு உப்புப் போடுகிற நாக்குக்குத் தெரியாதா, கடல் உப்பு. வீட்டுச் சாவியால் பூச்சைக் கீறினேன், ரவை கொட்டுகிற மாதிரி கொட்டிற்று. சாவியை உள்ளே விட்டுத் திருகினால் திரும்புகிறது. நூறு மூட்டை சிமெண்டு பர்மிட்டில் வந்தது, அதில் பாதிக்கு மேல் மதுராந்தகத்தில் ஒரு நெல் வியாபாரி வீட்டு மாடி கட்டப் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

நான் ஊரைக் கூட்டவில்லை. உடனே உன் மாமா வீட்டுக்குத்தான் போனேன், தனியாகத்தான் கேட்டேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பதறவே இல்லை. யக்கா, ஊரு ஒலகத்துல கட்டுற கட்டடமெல்லாம் இப்படித்தான் கீது, ஓவர்சியருக்கு ஒரு பங்கு, பிரசிடெண்டுக்கு ஒரு பங்கு, நடுவுல இருக்கறவனுக்கு டீ செலவு, ஆத்து மண்ணு வாங்கிக் கட்டுனா எனுக்கு இன்னா மிஞ்சும் சொல்லு என்றான். மிஞ்சாது என்றால் அந்த வேலையை ஏன் எடுத்தாய் என்றேன். அதற்கு அவன் சிரித்தான். சின்ன வயதில் சட்டியிலிருந்து மீன் துண்டை எடுத்துவிட்டுச் சிரிப்பானே அதே சிரிப்பு. கூரையை இடித்துவிட்டு ஆற்று மணலில் போடு, நான் என் கையில் இருக்கிறதைத் தருகிறேன், கழுத்தில் கிடக்கிற சங்கிலியையும் தருகிறேன் என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வருவதில்லை.

அதற்கப்புறம் அவன் செய்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். சுவரை விட்டுவிட்டு ஆட்டைப் பிடித்தான். மறுபடி சுண்ணாம்பு அடித்து, ஆடு விரட்டுவதற்கென்று தினக்கூலிக்கு ஒரு ஆள் போட்டான். ஒரு வயசான மனுஷர் கையில் கழியோடு காலையிலிருந்து சாயந்திரம் வரை பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குப்பம்மாவிடம் ஆட்டைக் கட்டிப் போடு என்று சொல்லி அனுப்பினான், அவள் என்னிடம் வந்து, எம் மூணு ஆடும் இன்னா கோர்ட்டுல போய் சாட்சி சொல்லப் போவுதா, உன் தம்பி ஏன் இப்டி பயந்துக்கறான் என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பத்து நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம் நல்ல மழை பெய்தது, மறுநாள் வெயிலில் காய்ந்ததும் சுவர் முழுக்க உப்புப் பூத்துவிட்டது, உள்பக்கம் கூரையிலும் பூத்துவிட்டது. சிரிப்பு போய்விட்டது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன், எனக்கு ஞாபகம் வந்தது எல்லாம் உன்னுடைய முதல் கடிதம்தான். கப்பலில் துரு சுரண்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள் அம்மா, உப்புத் தண்ணி பட்ட இரும்பு வரட்டி மாதிரிப் பெயர்ந்து பெயர்ந்து வருகிறது, சுத்தியால் தட்டினால் ஓட்டையாகிவிடுகிறது, அதன் மேல் எப்படித்தான் மனுஷர்கள் ஏறிப் போனார்களோ என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இந்தக் கூரைக்குள்ளேயும் கம்பிதான் இருக்கிறது ரவி. அறுபத்திரண்டு பிள்ளைகள் அதன் கீழே உட்காரப் போகிறார்கள். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டியவன், நீயா என்னைப் போட்டுவிடு என்று எழுதுகிறாய்?

நீ ஏன் எழுதினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாமா உனக்குப் போட்ட லெட்டரில் அதையும் எழுதியிருப்பான், நீ அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, வெட்கம். கையெழுத்துப் போடாவிட்டால் தை மாதம் கல்யாணம் கிடையாது, என் மகள் வச்சலாவை வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன் என்று என்னிடமும் ஆள் விட்டுச் சொன்னான். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் அதை வரதட்சணை என்கிறோம், பெண் வீட்டார் என்னிடம் கேட்கிற இதற்கு என்ன பேரோ தெரியவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் பிரியம் என்பது ஊருக்கே தெரியும். எனக்கு அந்தப் பெண்ணை விட்டால் வேறு மருமகள் மனசில் இல்லை. உன் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது மூன்று நாள் என் வீட்டு வாசலை விட்டு நகராமல் இருந்தவன் சிவப்பிரகாசம், உனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் வாங்க நாலு தடவை செங்கல்பட்டுக்கு நடந்தவன் அவன். இதையெல்லாம் மறந்துவிட்டு நான் வீராப்புப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்தால் கை தன்னால் ஒரு ஆள் கூடுதலாக வைக்கிறது, பிறகு அதைப் பார்த்து அழுகிறேன். அழுதுகொண்டேதான் மாட்டேன் என்றும் சொல்லுகிறேன்.

செவ்வாய்க்கிழமை வச்சலாவே வந்தாள். அவள் அப்பன் அனுப்பி வரவில்லை, தானாக வந்தாள், முகம் சிவந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அத்தே, ஊர்ல எல்லாம் செவுத்தப் பத்தியே பேசிகினு கீறாங்க, நீயும் செவுத்தப் பத்தியே பேசற, என்னப் பத்தி ஒரு வார்த்த யாராச்சும் கேட்டீங்களா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் கேட்கவில்லைதான். நானும் மற்றவர்கள் மாதிரியே அவளை ஒரு தட்டில் வைத்து எடை போட்டுப் பார்த்துவிட்டு, என் வீம்பு கனம் என்று சொல்லிவிட்டேன். அவள் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். காவல்கார மனுஷர் கழியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்லவர். சாவியை அவள் கையில் கொடுத்துக் கீறச் சொன்னேன். கீறினாள். மறுபடி கீறினாள். விரல் நுழைகிற அளவுக்குக் குழி விழுந்தது, உள்ளே ஒரு சின்னக் கிளிஞ்சல் வெள்ளையாகத் தெரிந்தது. அதை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சாவியை என்னிடம் கொடுத்தாள், கிளிஞ்சலைக் கொடுக்கவில்லை, வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் புதன்கிழமை பஞ்சாயத்துக் கூட்டம். பூவராகவன் வீட்டில் கல்வெட்டு தயாராகிச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறது, மந்திரி ஒருவர் வந்து திறந்துவைக்கத் தேதி கொடுத்திருக்கிறார், கல்லில் மந்திரி பேருக்குக் கீழே பூவராகவன் பேர் பெரிதாகச் செதுக்கியிருக்கிறது. அடுத்த தேர்தலில் யூனியன் சேர்மன் ஆக வேண்டும் அவருக்கு. லாபம் என்பது சந்தையோடு சரி என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை, ஒருத்தருக்கு அது சிமெண்டு மூட்டையாக வருகிறது, ஒருத்தருக்குக் கவரில் வருகிறது, இன்னொருத்தருக்குக் கல்லில் பேராக வருகிறது. எனக்கு மருமகளாக வருகிறேன் என்றது. தீர்மானப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார்கள். தலைவர் கையெழுத்து இருந்தது, நூர்முகமது பாய் கையெழுத்தும் இருந்தது. ஆதியம்மா, ஒண்ணுத்துக்கும் ஒதவாத பேஜாரு இது, போட்டுட்டு டீயக் குடி என்றார் பூவராகவன். நான் சுவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தை சொல்வதற்குள் உன் மாமா எழுந்துவிட்டான். எங்க அக்கா மண்ணப் பத்திப் பேசுது கேட்டுக்குங்க, அது கூடையில கீற கருவாட்ட ஒரு தபா ஒதறிப் பாருங்க, கிலோவுக்கு எவ்ளோ மண்ணு கீதுன்னு தெரியும், அந்த மண்ணுலதான் பையனப் படிக்க வெச்சுது என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார்.

ரவி, அவன் சொன்னது பொய் இல்லை. அதுதான் விஷயம். கரை மணலில் மீனைக் காயப்போட்டு அப்படியே அள்ளினால் மணலும் சேர்ந்து எடையில் வரும், இந்தக் கரையில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், நானும் இருபது வருஷம் செய்தேன். உதற நேரம் இல்லாமல் இல்லை, உதறினால் எடை குறையும். உன் பரீட்சைப் பணத்தில், நீ போட்டுக்கொண்டு போன செருப்பில் எல்லாம் அந்த மணல் இருக்கிறது. தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது எனக்கு. கண்ணீர் கூட வந்துவிட்டது. ஆனால் அப்போது ஒன்று தோன்றியது, இப்போது நான் வாயை மூடிக்கொண்டால் என் மணலும் அவன் மணலும் ஒன்றாகிவிடும். எழுந்து நின்று சொன்னேன், ஆமா, கீது, மண்ணோடதான் வித்துகினு இருந்தேன், வாங்கறவ அத மூணு தண்ணில அலசிட்டுத்தான் கொழம்புல போடறா, இந்தக் கூரைய எந்தப் புள்ள அலசிட்டுக் கீழ குந்தும் சொல்லு என்றேன். யாரும் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் இழுத்து, தீர்மானத்துக்குக் கீழே என்னுடைய ஐந்தாம் வகுப்பு எழுத்தில் எழுதினேன், சுவரிலும் கூரையிலும் கடல் மணல் போட்டிருக்கிறது, ஆடு நக்குகிறது, சாவி வைத்தால் உதிர்கிறது, இடித்துவிட்டு ஆற்று மணலில் கட்டுகிற வரைக்கும் இந்த வேலை எனக்குத் திருப்தி இல்லை என்று. அவ்வளவுதான். என் பேருக்கு எதிரே இருக்கிற இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டேன். அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் நம்பர் இருக்கிறது, கிழிக்க முடியாது. உன்னைக் கமிட்டியிலிருந்து எடுத்துவிடுவேன் என்றார் தலைவர். எடுக்கட்டும். அதற்கும் ஒரு தீர்மானம் எழுத வேண்டும், அதே புத்தகத்தில், நான் எழுதினதற்கு அடுத்த பக்கத்தில்.

அன்று சாயந்திரமே நூர்முகமது பாய் வந்தார். அவருக்கு அறுபது வயது ஆகிறது, மூச்சு வாங்கிற்று. தங்கச்சி, நான் அந்தப் பக்கமே போவாம பூவராகவன் சொன்னாருன்னு போட்டுட்டேன், இப்பத்தான் போயி நானும் நக்கிப் பாத்துட்டு வரேன், அல்லா மன்னிக்கணும் என்றார். தாடியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, நான் சொல்லவில்லை, அம்சா அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். மறுநாள் காலையிலேயே தன் கையெழுத்து செல்லாது என்று யூனியன் ஆபீசுக்கு ரிஜிஸ்தர் தபாலில் எழுதிப் போட்டுவிட்டு வந்து ரசீதையும் காட்டினார். மழைக் காலம் முடிகிற வரையில் பிள்ளைகள் தன் கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில் உட்காரட்டும் என்று சொல்லியிருக்கிறார், மிளகாய் நெடி இருக்கும், பரவாயில்லை. நேற்று நான் வீட்டில் இருந்த சரக்கை எல்லாம் கொட்டி ஒவ்வொன்றாக உதறினேன். ஒரு முறம் நிறைய மணல். நாலு கழி நட்டுப் பழைய வலையை இழுத்துக் கட்டியிருக்கிறேன், இனிமேல் அதன் மேல்தான் காயப்போடப் போகிறேன். நல்லவள் பட்டம் வாங்க இல்லை, இனிமேல் எவனும் என் கூடையைக் காட்டி என் வாயை அடைக்கக் கூடாது, அதற்குத்தான். மதுராந்தகம் சந்தையில் வாரத்துக்கு ஆறேழு ரூபாய் குறையும். அம்சாவுக்குத் தீபாவளிக்குப் பாவாடை இல்லை என்று சொல்லிவிட்டேன், இரண்டு நாள் பேசமாட்டாள், அப்புறம் பேசுவாள்.

வச்சலா நேற்று மறுபடி வந்தாள். இந்தத் தடவையும் உட்காரவில்லை. ரவி அட்ரஸ் குடு அத்தே என்று மட்டும் கேட்டாள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அவள் லெட்டர் இதற்கு முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம், வரும்போது தனியாக உட்கார்ந்து படி. அவள் வேண்டாம் என்று எழுதியிருந்தால் அது என்னால் வந்தது, என் மேல் கோபப்படு, நான் தாங்கிக்கொள்வேன். வருகிறேன் என்று எழுதியிருந்தால் நீ லீவு போட்டுவிட்டு வந்து, அவள் அப்பன் எதிரே நின்று, உன் வாயால் பெண் கேள். உன் கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை அன்றைக்குப் பேச மாட்டேன், உன் மாமாவுக்கு என் கையால் பரிமாறுவேன். ஆனால் என் கையெழுத்தைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்கச் சொல்லாதே, நீயும் சொல்லாதே, உனக்குப் பிறக்கப் போகிறவர்கள் வந்து சொன்னாலும் நடக்காது. நீ கேட்டாயே என்ன லாபம் என்று, யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. நஷ்டம் வேண்டுமானால் வரிசையாகச் சொல்லுகிறேன். லாபம் இல்லாமல் உன் அம்மா ஒரு தடவை மாட்டேன் என்று சொன்னாள், அதைப் பற்றி உன் சிநேகிதர்களிடம் வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்.

பாயின் தங்கை மகன் வரும் புதன்கிழமை பம்பாய்க்கு வருகிறான், அவனிடம் வஞ்சிரக் கருவாடு இரண்டு கிலோ கொடுத்து அனுப்புகிறேன். கழுவாமலே போடலாம், ஒரு துகள் மணல் இருந்தால் எனக்கு எழுது. துரு சுரண்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள், சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, ஏறுகிற ஏணியை முதலில் தட்டிப் பார்த்துவிட்டு ஏறு, யார் கட்டினதோ தெரியாது. கெங்கையம்மன் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நீ நூறு வயது நிமிர்ந்து நடக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் முப்பத்தேழாம் பக்கத்தில் என் பேருக்கு எதிரே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அங்கே போடாததை இங்கே முழுசாகப் போடுகிறேன், பார்த்துக்கொள்.

உன் அம்மா,
கோ. ஆதியம்மாள்